சாந்தினியின் பலகையில் மூன்றாவது வரிசை

சாந்தினி இறந்துபோன செய்தி எனக்கு நான்கு நாள் கழித்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் என்னை அழைப்பது வழக்கம். நான் சிட்னியில், மெரிலேண்ட்ஸில், மகள் வீட்டில் இருக்கும் மாதங்களில் அந்த அழைப்பு ஒருமுறையும் தவறியதில்லை. பத்து என்பது சில வாரம் பத்தரை ஆகும், அவ்வளவுதான். அந்த ஞாயிறு தொலைபேசியைச் சமையல் மேடையில் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, பதினொன்றரை வரை கீரை ஆய்ந்தேன். மெல்பர்னில் அவர் வேலை பார்த்த கூடைப்பந்து அணிக்குப் புது ஆட்டக்காரிகள் வந்து இறங்கும் காலம் அது. யாரையாவது அழைத்துவர விமான நிலையம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். திங்கள்கிழமை ஒரு செய்தி அனுப்பினேன்: "யாரைக் கூட்டிட்டு வரப் போனீங்க? எவ்வளவு உயரம்?"

புதன்கிழமை மதியம் ஆங்கிலத்தில் பதில் வந்தது. எழுதியவள் சாந்தினியின் அண்ணன் மகள் அபி. சனிக்கிழமை காலை அன்ரி மாரடைப்பில் காலமாகிவிட்டார், வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "உங்கள் பெயரை அன்ரி தமிழில் சேமித்து வைத்திருக்கிறார். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்கள் யார்?"

அதற்குப் பதில் எழுத எனக்கு வெகுநேரம் ஆயிற்று. உறவில்லை. கூட வேலை பார்த்தவளும் இல்லை. அவர் யாழ்ப்பாணம், நான் திருச்சி. "பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை" என்று எழுதினேன். பிறகு பார்த்தால் அதுவும் பாதிதான் உண்மை; வருடத்தில் ஆறு மாதம் மட்டுமே நான் அவருக்குப் பக்கத்துத் தெரு.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை மெல்பர்னில், கிளேட்டனில், மகன் வீடு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை மெரிலேண்ட்ஸில் மகள் வீடு. என் கணவர் போன பிறகு பிள்ளைகள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு இது. இருவரும் அன்பான பிள்ளைகள். தேதியை அவர்களே பேசி, டிக்கெட்டை அவர்களே எடுத்து, பெட்டியைக்கூட அவர்களே தூக்கிவிடுவார்கள். சாந்தினி இல்லாவிட்டால் அந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

இறுதிச் சடங்குக்கு மெல்பர்ன் போக வேண்டும் என்று எனக்குள் இருந்தது. வாய் திறப்பதற்குள் மகள், "அம்மா, லைவ்ல காட்டுறாங்களாம், லிங்க் வந்திருக்கு. நீங்க அலைய வேண்டாம்" என்று பேரனின் டேப்லெட்டைத் துடைத்து என் முன்னால் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். நான் தலையாட்டினேன். யாருமில்லாத வீட்டில், சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து சாந்தினியை வழியனுப்பினேன். கேமரா எங்கோ உயரத்தில் இருந்தது. தலைகள்தான் தெரிந்தன. ஒலி விட்டுவிட்டு வந்தது. கடைசியில் கதிரை (நாற்காலியை சாந்தினி அப்படித்தான் சொல்வார்) கிடைக்காமல் சுவரோரம் நின்றவர்களில் சிலர் மட்டும் மற்ற எல்லாரையும்விட உயரமாக இருந்தார்கள். எண்ணினேன். பதினொரு பேர். அவருடைய பழைய ஆட்டக்காரிகள். எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்களோ! அவர்களில் ஒருத்தியை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் குடிக்காமல் ஆறவைத்த ஒரு காப்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுக்கு முந்திய ஓர் அக்டோபர் மாதம். மகன் குடியிருக்கும் அடுக்ககத்தில் அடுத்த வீட்டை ஒரு கூடைப்பந்து அணி வாடகைக்கு எடுத்திருந்தது. ஒரு நாள் காலை, ஒரு குள்ளமான பெண் தன்னைவிட இரு மடங்கு நீளமான மெத்தையோடு மாடிப்படியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தாங்ஸ் அன்ரி. தமிழோ?"

"ஆமா. யாருக்கும்மா இவ்வளவு பெரிய மெத்தை?"

"ஆறடி நாலங்குலத்தில ஒரு பிள்ளை அமெரிக்காவில இருந்து வருகுது. போன வருசம் வந்தவவின்ர கால் கட்டிலுக்கு வெளியில தொங்கிக் குளிருக்குள்ள விறைச்சுப் போச்சு" என்று சிரித்தார். தொழில்முறைப் பெண்கள் அணி ஒன்றின் மேனேஜர் தான் என்றார். மெத்தையை உள்ளே தள்ளிவிட்டு மூச்சு வாங்கியவரிடம், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "ஓம், நல்லது. இப்ப போட்டு வாறன் என்ன" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’ என்பது விளங்கியது; மற்றதை, மெத்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். இறங்கிப் போனவர் கட்டில் சட்டத்தை எடுத்துவரப் போயிருக்கிறார் என்றும் நானே கணக்குப் போட்டேன். இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றிவைத்துக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம். மறுநாள் அவர் வந்தபோது, "என்னங்க, போட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு வரவே இல்லையே?" என்று கேட்டேன். விழித்தார். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போய்விட்டு வருகிறேன் என்பதைத்தான் அவர் ஊரில் அப்படிச் சொல்வார்களாம். விடைபெற்றுப் போன ஒருவருக்காக நான் காப்பியோடு காத்திருந்திருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சொன்னதும், "ரீச்சரோ நீங்கள்? கணக்கு ரீச்சரோ? அப்ப கணக்குப் பிழைச்சுப் போச்சு" என்றார். டீச்சரை அவர் ஊரில் ரீச்சர் என்றுதான் எழுதுவார்கள்; அன்றிலிருந்து நான் அவருக்கு ரீச்சர்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது பழங்கதை. ஆனால் என்னைப் போல, கூடைப்பந்து என்றால் பள்ளி மைதானத்தில் மணியடிக்கும்வரை ஆடுவது என்று நினைத்திருந்தவர்களுக்காக அவர் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன். ஓர் ஆசிரியைக்கு ஒவ்வொரு ஆண்டும் வகுப்பு மாறும். ஆனால் அது மொத்தமாக மாறும். ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஆறாம் வகுப்புக்குப் போகும். சாந்தினியின் வகுப்பு அப்படியல்ல. பத்துப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்கு ஒரே ஆண்டு ஒப்பந்தம். பருவம் முடிந்ததும் அவர்கள் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியும் அவர்களைக் கேட்கலாம், எந்த அணிக்கும் அவர்கள் போகலாம். வெளிநாட்டிலிருந்து இத்தனை பேர்தான் என்று வரம்பு. மொத்தச் சம்பளத்துக்கும் ஒரு வரம்பு. ஒருத்தி போனால் அவள் இடம் மட்டும் காலியாவதில்லை. நெட்டையான இருவரை வைத்துக்கொண்டு பந்தை முன்னால் கொண்டுவர ஆளில்லாவிட்டால், நெட்டையான இருவரும் வீண். ஒரு மாணவியை இடம் மாற்றினால் அந்த வரிசையே மாறும் அல்லவா, அதுபோல.

யாரை எடுப்பது என்பது பயிற்சியாளரின் முடிவு. அதன்பின் கடிதம், விசா, வீடு, மெத்தை எல்லாம் சாந்தினி. யாரை விடுவது என்பதும் பயிற்சியாளரின் முடிவுதான். அதைப் போய்ச் சொல்வது சாந்தினி.

"ரீம் கட்டுறது எண்டால் ஆக்களைக் கொண்டுவாறது எண்டு எல்லாரும் நினைக்கினம்" என்பார். "அது அரைவாசி, ரீச்சர். மற்ற அரைவாசி ஆக்களை அனுப்புறது. இந்தப் பிள்ளையள் எல்லாம் தங்களுக்குள்ள கதைக்கிறவை. அனுப்பத் தெரியாத ரீமுக்கு அடுத்த வருசம் ஒருத்தரும் வரமாட்டினம்."

அவர் குசினி என்று சொல்லும் சமையலறையின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அவர் வீட்டுக்குப் போன எல்லாருக்கும் அது நினைவிருக்கும். ஒவ்வோர் ஆட்டக்காரியின் பெயரையும் ஒட்டிய சிறு காந்தத் துண்டுகள். அந்நாளில் இரண்டே வரிசை. ஒன்றின் தலைப்பு "இருக்கினம்". மற்றது "போகினம்". பெயர்களும் தமிழில்தான். காரணம் எளிது. ஞாயிறு மதியம் ஆட்டக்காரிகள் இடியப்பமும் சொதியும் சாப்பிட அந்தக் குசினிக்குத்தான் வருவார்கள். முடிவாகாத விஷயம் அவர்கள் கண்ணில் படக்கூடாது. "எனக்கு வேற சுவர் இல்லை. ஆனா வேற எழுத்து இருக்கு" என்பார் பெருமையாக. அந்தப் பலகையை நான் நேரில் பார்த்தது பின்னால்தான்; அதன்பின் எங்களுக்குள் அது ஒரு வேடிக்கை. உலகத்தின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அங்கே ஒரு பூட்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பூட்டுக்குச் சாவி செய்து கொடுத்தவள் நான்.

நீள மெத்தைக்கு உரியவள் அந்த வாரமே வந்து சேர்ந்தாள். பெயர் நாயா. அவளுக்குக் காலையில் ஓய்வு, எனக்கு நாள் முழுக்க ஓய்வு. தேநீர் குடிக்க வருவாள். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழைவாள். அமெரிக்காவில் இருமுறை அவளை ட்ரேட் செய்திருக்கிறார்கள். ஓர் அணி இன்னோர் அணியிடம் ஓர் ஆளைக் கொடுத்து வேறோர் ஆளை வாங்கிக்கொள்வதற்கு அங்கே அந்தப் பெயர். பெரும்பாலும் அந்த ஆளைக் கேட்க வேண்டியதில்லையாம். முதல் முறை, கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் செய்தி பார்த்துத் தெரிந்துகொண்டாளாம். "தக்காளியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அந்த ஊரில் இனிச் சமைக்கப் போவதில்லையே" என்றாள். இங்கே வந்த பிறகுதான் ஜன்னலோரம் எலுமிச்சைக் கன்று ஒன்று வாங்கி வைத்தாள். அது காய்க்க மூன்று ஆண்டாகும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதனால்தான் வாங்கினேன் என்றாள்.

அவள் தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னாள். முப்பத்தோரு ஆண்டு கரும்பலகை முன்னால் நின்ற கை, சும்மா இருக்குமா? கடைத் துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம் எழுதப் போனேன். எழுதப்போன இடத்தில் பேனா நின்றது. ஒலிப்படி எழுதினால் "நாயா" என்று வரும். ஒரு நல்ல பெண்ணின் பெயரை அப்படி எழுத மனம் வரவில்லை. முதல் எழுத்தின் துணைக்காலை எடுத்துவிட்டு "நயா" என்று எழுதிக்கொடுத்தேன். இருபது முறை எழுதிப் பழகினாள்; அடுத்து, என்னை அழைக்கும் ‘டீச்சர்’ என்பதையும். அவளுடைய ‘ய’, என் மாணவிகளில் பாதிப் பேருடையதைவிட நன்றாக இருந்தது.

மார்ச் மாதம். பருவம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு மதியம் நாயா வந்து கதவைத் தட்டினாள். தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைப் பலகை. அதில் அவள் பெயர், நான் எழுதிக்கொடுத்த அதே இரண்டு எழுத்து. "என் பெயர்தானே? மேலே இருக்கும் சொல்லுக்கு என்ன அர்த்தம், டீச்சர்?"

"போகினம்" என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. எழுத்துக்கூட்டி, யோசித்து, விடை கண்டுபிடித்த மாணவியைப் போல உற்சாகமாகச் சொன்னேன்: "அவர்கள் போகிறார்கள் என்று அர்த்தம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் பட்டியலாக இருக்கும்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்மேல் இரக்கம் இருந்தது. "ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது, டீச்சர்" என்று சொல்லிவிட்டு, குனிந்து, நிலைப்படியைத் தாண்டிப் போனாள். அவள் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கு அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

அரை மணி நேரத்தில் சாந்தினி வந்தார். நாயா அந்தப் படத்தை அவருக்கும் அனுப்பியிருந்தாள்.

"ரீச்சர், அவளுக்கு எழுத்துப் பழக்கினது நீங்களோ?"

"ஆமா. தப்புங்களா?"

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "பேரை என்னெண்டு எழுதிக் குடுத்தனீங்கள்?"

"நயான்னு. கால் போட்டா…"

"நாய் வந்திடும்" என்று அவர் முடித்தார்.

அவரும் அதே காரணத்துக்காகத்தான் அந்தக் காலை எடுத்திருக்கிறார். இருவரில் ஒருத்தியாவது சரியாக எழுதியிருந்தால் அவளால் கண்டுபிடித்திருக்க முடியாது. இரண்டு பேரும் தனித்தனியாக, மரியாதைக்காக, ஒரே பிழையைச் செய்திருந்தோம். சிரிப்பு வந்துவிட்டது எங்களுக்கு. சிரித்து முடித்ததும் சொன்னேன்:

"என்னை மன்னிச்சிடுங்க சாந்தினி. நான் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா…"

"இல்லை ரீச்சர். பிழை உங்கட இல்லை. அவளுக்குச் சொல்ல முன்னம் நான் பலகைக்குச் சொல்லிப் போட்டன். அதுதான் பிழை."

பயிற்சியாளர் இளம் ஆட்டக்காரிகளை வைத்து அணியைப் புதிதாகக் கட்ட முடிவு செய்துவிட்டாராம். சாந்தினிக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியவர் அவர்தான். வரும் வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று வைத்திருந்தார். "வெள்ளிக்கிழமை எண்டது ஆற்ற வசதிக்கு? என்ர வசதிக்கு. அவளின்ர வசதிக்கு இல்லை." எழுந்துபோய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அலுவலகம் நடத்தினார். ஒவ்வோர் அணியாக அழைத்து நாயாவைப் பற்றிச் சொன்னார். தன் அணி விடுகிற ஒருத்திக்காக மற்ற அணிகளிடம் பேசுவது அவர் வேலையில் சேராது. எதிராளிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுபோல அது. பயிற்சியாளருக்குத் தெரிந்தால் கோபிப்பார் என்று நான் சொன்னதற்கு, "அவருக்கு நான் சொல்லிப் போட்டுத்தான் செய்யிறன். கோவிக்கட்டும்" என்றார். ஓர் அணி, அவள் முழங்கால் எப்படி, நேரத்துக்கு வருவாளா என்றெல்லாம் கேட்டிருக்கிறது. "அவ ஒருநாளும் பயிற்சிக்குப் பிந்தினதில்லை. ஏத்திக்கொண்டு போன நான்தான் ஒவ்வொரு நாளும் பிந்தினது" என்று ஆங்கிலத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. உண்மைதான். நேரத்துக்கு எங்கேயும் போய்ச் சேராத மனிதர் அவர். வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் இதை வாசிப்பீர்கள்.

நான்காம் நாள் சிட்னி அணி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது.

அடுத்த பருவம்வரை அமெரிக்காவில் இருக்க நாயா ஊருக்குப் புறப்பட்டபோது நானும் விமான நிலையம் போனேன். போகிற பெண்களை "குட்பை" சொல்ல சாந்தினி விடமாட்டார். அவர்களுக்கு வாயில் நுழைகிறதோ இல்லையோ, "போட்டு வாறன்" என்று சொன்னால்தான் பெட்டியைக் கையில் கொடுப்பார். நாயா சரியாகச் சொன்னாள். பிறகு என்னிடம், "இந்த ஊருக்கு நான் திரும்பி வரமாட்டேன் என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். பிறகு ஏன் இப்படிச் சொல்ல வைக்கிறார்?" என்று கேட்டாள். நான் என் ஆறிப்போன காப்பிக் கதையைச் சொன்னேன். எலுமிச்சைக் கன்றை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அது சாந்தினி வீட்டுக்குப் போயிற்று.

அந்த மாலையே பலகையில் மூன்றாவது வரிசை வந்தது. மற்ற இரண்டுக்கும் நடுவில், புதிதாகக் கோடு கிழித்து, தலைப்பு எழுதினார்: "கேக்க வேணும்." இனி எந்தப் பெயரும் முதலில் அங்கேதான் ஒட்டப்படும். அந்த ஆளிடம் முகம் பார்த்துக் கேட்ட பிறகே இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரும். "முடிவு என்ர கையில இல்லை, ரீச்சர். கேக்கிறது என்ர கையில இருக்கு."

அடுத்த வாரம் என் மகன், மகள் வீட்டுக்கு எனக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். அதை வேடிக்கையாக சாந்தினியிடம் சொன்னேன். "என்னையும் சிட்னிக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. பதிலுக்கு யாரை வாங்குனாங்கன்னுதான் தெரியல."

அவர் சிரிக்கவில்லை. "உங்களை ஆர் கேட்டது?"

"கேக்கணுமா? நான் பெத்த புள்ளைங்க. என் நல்லதுக்குத்தானே செய்யுதுங்க."

"நல்லதுக்குத்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆர் கேட்டது எண்டுதான் கேக்கிறன்."

அவர் பேச்சை மாற்றி, தேங்காய்ப்பூ வறுப்பதைப் பற்றி ஏதோ கேட்டார். ஆனால் அதன்பின் ஒவ்வொரு மார்ச்சிலும், ஒவ்வொரு செப்டம்பரிலும் என் பெட்டியில் துணி அடுக்கும்போது அந்தக் கேள்வியும் மடிப்புக்கு நடுவில் இருந்தது. நான் அதை யாரிடமும் எடுத்துக்காட்டியதில்லை. கேட்டுப் பழகாத வீட்டில், கேட்கச் சொல்வதும் ஒரு புகார்போல ஆகிவிடும் என்று பயம்.

அவர் இறப்பதற்கு முந்தைய ஞாயிறு வழக்கம்போல் அழைத்தார். புதிதாக வந்த பெண்ணொருத்தி, வீடு தயாராகும்வரை தங்கியிருந்த அவருடைய இரண்டாவது அறையை அன்றுதான் காலி செய்திருந்தாள். வீடு வெளிச்சுப்போய்க் கிடக்குது, வெறிச்சென்று இருக்கிறது என்றார். எலுமிச்சை பூத்திருக்கிறது என்றார். பிறகு, "ரீச்சர், இஞ்ச வந்தாப்போல உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்" என்றார்.

"இப்பவே கேளுங்களேன்."

"இது ஃபோனில கேக்கிற விசயமில்லை. வாங்கோ முதல். சரி, போட்டு வாறன் என்ன."

அவ்வளவுதான்.

சடங்கு முடிந்து ஒன்பதாம் நாள், மெரிலேண்ட்ஸ் வீட்டு வாசல் மணி அடித்தது. நாயா. சடங்குக்காக மெல்பர்ன் போய்விட்டுச் சிட்னிக்குத் திரும்பியிருந்தாள். டேப்லெட்டில் நான் அடையாளம் கண்டது அவளைத்தான். இங்கேயும் குனிந்துதான் உள்ளே வந்தாள். அபி அந்தப் பலகையைக் கழற்றி, தமிழ் தெரிந்த யாரையோ வாசிக்கச் சொல்லி, காந்தங்களை அவரவருக்கே கொடுத்தாளாம். ஒன்றுக்கு மட்டும் உரியவர் தெரியவில்லையாம். நாயா பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"முதல் எழுத்து எனக்குத் தெரியாது. நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தது வேறு எழுத்து. ஆனால் மிச்சம் உங்கள் பெயர்தான் என்று தோன்றியது" என்றாள்.

"ரீச்சர்" என்று இருந்தது, சாந்தினியின் சாய்ந்த கையெழுத்தில்.

"எந்த வரிசையில இருந்தது?" என்று கேட்டேன். தமிழில் கேட்டுவிட்டேன். அவளுக்குப் புரிந்தது. மேசைமேல் விரலால் மூன்று கோடு கிழித்து, நடுவில் தொட்டுக் காட்டினாள்.

அவள் போன பிறகு வெகுநேரம் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி ஒரு வீட்டுச் சுவரில் எழுதியிருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியாது. ஞாயிறு மதியம் அந்தக் குசினியில் சாப்பிட வந்தவர்கள் எல்லாம் வாசிக்கத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மாலையில் மகள் வந்தாள். அக்டோபர் நடுவில், பேரனின் பள்ளி விடுமுறை முடிந்த பிறகு, எனக்கு மெல்பர்னுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றாள். சாந்தினியின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டம் அதற்கு ஒரு வாரம் முன்பே வருகிறது. நான் கையிலிருந்ததை மேசையில் வைத்தேன்.

"எடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியாம்மா?"

அவள் திகைத்துப் போனாள். "எதைம்மா கேக்கணும்? எப்பவும் போலத்தானே…"

"எப்பவும் போலத்தான். ஒரு தடவை கேளேன். கோவமில்ல. சும்மா கேளு."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். எனக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்துவிட்டாள் பாவம். பிறகு சின்னக் குரலில், "எப்பம்மா போகணும்னு நினைக்கிறீங்க? எங்க இருக்கணும்னு உங்களுக்கு ஆசை?" என்றாள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன்: முப்பத்தோராம் நாளுக்கு முன்பே. இரண்டாவதற்கு ஒரு வாரம் நேரம் கேட்டேன். ஃப்ரீ ஏஜென்ட்டுகளுக்கு அவ்வளவாவது உண்டு. ஒரு வாரம் முடிந்துவிட்டது. இன்னும் நான் பதில் சொல்லவில்லை. நான் போக ஆசைப்பட்டிருக்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. அது எனக்குக் கிடைப்பதாக இருந்ததா என்றுகூட உறுதியாகத் தெரியாது. அதையும் கழித்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

மண்டபத்தில் கொடுக்கும் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அபி கேட்டாள். தனக்கு வாசிக்கத் தெரியாது, யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்கிறேன் என்றாள். நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று பதில் எழுதினேன். இதை நீங்கள் கையில் வைத்திருக்கும்போது நானும் அந்த மண்டபத்தில் ஏதோ ஒரு கதிரையில் இருப்பேன்.

சாந்தினியிடமிருந்து எனக்கு மிஞ்சியது விரல் நீளத்தில் ஒரு காந்தத் துண்டு. இப்போது மகள் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன். அதோடு, கேட்கப்படாத ஒரு கேள்வி. அது அந்த இரண்டாவது அறையைப் பற்றியதா, எலுமிச்சைக்கு யார் தண்ணீர் விடுவது என்பதைப் பற்றியதா, தேங்காய்ப்பூவைப் பற்றியதா, இனித் தெரியப் போவதில்லை. கேள்வி தெரியாமல் விடை எழுதாதீர்கள் என்று முப்பத்தோரு ஆண்டு பிள்ளைகளைத் திட்டியவள் நான். இந்த ஒன்றுக்கு மட்டும் விடையை எழுதி வைத்திருக்கிறேன், அவருக்குப் புரிகிற தமிழில்.

ஓம், சாந்தினி. ஓம்.